செய்தவர் பெயர் எழுதிய அலமாரி

படாக் மரத்தை அறுக்கும்போது விழும் தூள் குங்குமச் சிவப்பாக இருக்கும். ஒரு பொழுது பட்டறையில் நின்றால் சட்டை, புருவம், மூக்கு எல்லாம் சிவந்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளாவிட்டால் தும்மல் ஓயாது. அறுத்த புதிதில் இப்படிச் சிவந்திருக்கும் மரம், வெயிலும் வெளிச்சமும் பட்டு நாளடைவில் ஆழ்ந்த பழுப்புக்கு மாறும். வாங்குகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நிறம் போய்விட்டதே என்று பிறகு வருத்தப்படக் கூடாது. அது போவதில்லை, முதிர்கிறது.

இந்த மரத்தின் நார் ஒரே போக்கில் ஓடாது. ஒரு பட்டை இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த பட்டை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இழைப்புளி போட்டால் ஒரு சாண் வழவழவென்று வரும், அடுத்த சாணில் சிம்பு சிம்பாகப் பிய்த்துக்கொண்டு வரும். கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அரக்கு பாலிஷை மெல்லத் தேய்த்து ஏற்றும்போதுதான் அந்த எதிரும் புதிருமான நார், திருப்பிப் பார்க்கப் பார்க்க மின்னும். பாடு படுத்தும் அந்தக் குணம்தான் அதன் அழகுக்கும் காரணம். அந்தமான் தீவுகளின் சொந்த மரம் இது. இந்த ஒன்றியப் பிரதேசத்தின் மரம் என்று அரசு அறிவித்திருப்பதும் இதைத்தான். என் கைக்கு வேலையும் வீட்டுக்குச் சோறும் கொடுத்தது இதுதான்.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி போர்ட் பிளேருக்கு வந்தவர். சாத்தம் மர அறுவை ஆலையில் வேலை. 1883-ல் தொடங்கிய ஆலை அது, ஆசியாவின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று. சின்னஞ்சிறு சாத்தம் தீவையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. 1942-ல் ஜப்பானியர் போட்ட குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் வளாகத்தில் காட்டுவார்கள். பள்ளி விட்டதும் பாலத்தைத் தாண்டி அங்கே போய் வாசலில் காத்திருப்பேன். மரக்கட்டை தண்ணீரில் ஊறிக் கிடக்கும் வாசனையும் ரம்பத்தின் சூடும் கலந்து ஒரு நெடி வரும். எந்த மரம் வைரம் பாய்ந்தது, எதில் வெள்ளை அதிகம், எது காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும் என்றெல்லாம் நான் கற்றது அந்த வாசலில்தான். கடைசல் வேலையை வேறு ஒருவரிடம் கற்றேன். ஏலத்தில் கிடைக்கும் துண்டு துணுக்குகளை வாங்கிக் கிண்ணம், குங்குமச் சிமிழ், விளக்குத் தண்டு, யானை என்று கடைந்தும் செதுக்கியும் பஜாரில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பஜாரில் கொடுப்பது என்றால் என்ன என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். விலையைக் கடைக்காரர் சொல்வார். பணத்தை விற்ற பிறகு தருவார். விற்றதா இல்லையா என்பதையும் அவரே சொல்வார். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ வந்த கிண்ணம் உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்று. யார் செய்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் சொல்ல ஆள் இருக்காது.

2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீவுகளின் காடுகள் பற்றித் தீர்ப்பு வழங்கியது. ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டு, மரத்தை வெட்டி மெயின்லேண்டுக்கு வணிகமாக அனுப்பும் பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எங்கள் வட்டாரத்தில் பலருக்கு அது பெரிய இடி. தொழிற்சாலைகள் மூடின, வேலை போனவர்கள் உண்டு. அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை அன்றே உணர்ந்தேன்: இனி மரம் கப்பல் கணக்கில் போகாது, கையளவில்தான் போகும். கையளவு மரத்துக்கு மதிப்பைக் கூட்டுவது கைவேலை மட்டும்தான். ஒரு துண்டைக்கூட வீணாக்கக் கூடாது என்ற கட்டாயம் வந்தது. முண்டு விழுந்த கட்டை, ஓரப்பலகை, விரிசல் விட்ட பகுதி என்று முன்பு அடுப்புக்குப் போனதையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தோம்.

பின்னால் ஒன்றாகக் கடை போட்ட நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டது ஜனவரி மாதத் தீவுச் சுற்றுலா விழாவில். மைதானத்தில் கைவினைஞர்களுக்கென்று ஸ்டால் போட்டுத் தருவார்கள். அரிசி, கிண்ணி, அடுப்பு சகிதம் மாயாபந்தர் பக்கமிருந்து ஒரு கரேன் குடும்பம் வரும். அவர்களின் முன்னோர் 1925-ல் பர்மாவிலிருந்து வந்து வெபி என்ற ஊரில் குடியேறியவர்கள். மூங்கிலையும் பிரம்பையும் அவர்கள் பிளக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடுத்த ஸ்டாலில் கிழக்கு வங்காளத்திலிருந்து பிரிவினைக்குப் பின் குடியேறிய குடும்பத்துப் பெண்மணி ஒருவர், சிப்பி வேலை. அதற்கடுத்து கார் நிக்கோபாரிலிருந்து தாழை ஓலைப் பாய் கொண்டுவரும் அம்மா. கடைசியில் படம் வரைகிற நம் தமிழ்ப் பையன். செல்லுலார் சிறையையும் ராஸ் தீவின் இடிபாடுகளில் வேர்விட்ட மரங்களையும் வரைவான். விழா முடிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் வழியில் போவோம். அந்தச் சில நாட்களில் ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் அவர் பொருளை விற்றுக் கொடுப்போம், காசை நயா பைசா குறையாமல் ஒப்படைப்போம். இதையே ஆண்டு முழுக்கச் செய்தால் என்ன என்று கேட்டது சிப்பிக்கார அக்காதான், எங்களுக்கெல்லாம் அவர் தீதி.

அரசின் சாகரிகா எம்போரியம் மிடில் பாயின்ட்டில் இருக்கிறது. தீவுக் கைவினைப் பொருட்களை நியாயமாக விற்கும் இடம், எங்களுக்கெல்லாம் தாய்வீடு மாதிரி. இன்றும் என் பொருள் அங்கே இருந்தால் எனக்குப் பெருமை. ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது இன்னொன்று. செய்கிறவரே உட்கார்ந்து, வருகிறவர் முகத்தைப் பார்த்து, இது எப்படிச் செய்தது என்று சொல்லி விற்கும் இடம். அபர்தீன் பஜாரை ஒட்டிய மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம். சுவரைச் சுற்றி அலமாரி போட்டது நான். படாக் இல்லை, சாதாரணப் பலகை.

ஏற்பாடு எளிது. விற்ற தொகையில் பத்தில் ஒரு பங்கு பொதுக் கணக்குக்கு. வாடகை, கரண்டு, ரசீதுப் புத்தகம் எல்லாம் அதிலிருந்து. குறைந்தால் எல்லோரும் சமமாகப் போடுவது. முறை வைத்துக் கல்லாவில் உட்காருவது. ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு. அதில் செய்தவர் பெயர், ஊர், என்ன பொருளால் செய்தது, விலை. பேரம் கிடையாது. அலமாரியின் இடம் மாதா மாதம் மாறும். வாசலுக்கு நேரே இருப்பது விற்றுவிடும், மூலையில் இருப்பது தூங்கும் என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்ததுதான்.

எளிய ஏற்பாடு என்றாலும் சண்டை எளிதாக வரும். முதல் சண்டை படங்களைப் பற்றி. கீச்செயின், தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி, சின்னக் கிண்ணம் இவை அன்றாடம் விற்கும். படம் எப்போதாவதுதான் விற்கும். ஆனால் சுவர் முழுக்க அவன் படம். "பத்தில் ஒரு பங்கு என்றால் இவன் தருவது என்ன, சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே" என்று ஒருவர் கணக்கு நோட்டைத் தூக்கிப் போட்டார். அதற்குப் பதில் சொன்னது கரேன் பெரியவர். ஹிந்தியில்தான், எங்கள் எல்லோருக்கும் பொது மொழி அதுதான். "கீழே ரோட்டில் போகிறவன் என் கூடையைப் பார்த்து மேலே ஏறி வருவதில்லை. ஜன்னல் வழியாக அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வருகிறான்" என்றார். படங்கள் சுவரிலேயே இருந்தன. அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.

சோழமண்டலத்துக்குப் போய்ப் பார்த்தபோது பெரியவர் சொன்னதன் மறுபக்கம் விளங்கியது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், அரசு ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் அமைத்த கலைஞர் கிராமம் அது. படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்த அந்த இளைஞர்கள், பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். ஒரு பாதி நாள் கைவேலை, மறுபாதி தங்கள் கலை. சென்னை ஓவிய இயக்கத்தின் பெரிய படைப்புகள் அந்தத் துணிகள் ஈட்டிய சோற்றில் பிறந்தவை. அங்கே கைவினை கலையைத் தாங்கியது. எங்கள் மாடியில் ஒரு பையனின் படம் கைவினைக்கு ஆள் அழைத்து வந்தது. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் ஒன்றுக்கொன்று துணை. பிரித்து வைத்தால் இரண்டும் இளைக்கும். அங்கே காட்சியகத்தைச் சுற்றி வரும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை. கடற்கரை மணலில் கையில் காசில்லாமல் தொடங்கிய சிலர் இப்படி ஒன்றை நிறுத்த முடிந்திருக்கிறதே.

கூட்டாக இருந்ததால் கைவேலையே மாறியது. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தீதி ட்ரோகஸ் சிப்பியில் வேலை செய்பவர். கூம்பு வடிவச் சிப்பி, வெளியே கரடுமுரடாகச் சிவப்புக் கோடுகளோடு இருக்கும். மேல்தோலை நீக்கினால் உள்ளே முத்தின் ஒளி. 1929 முதல் ஜப்பானியர்கள் இந்தக் கடலில் மூழ்கி எடுத்தது இதையும் டர்போ சிப்பியையும்தான். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கச் சட்டைப் பொத்தான் இதில் செய்தார்கள். தீதி பொத்தானும் காதணியும் செய்து மிஞ்சும் சில்லுகளை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். என்னிடம் படாக் துண்டுகள். கல்லாவில் இருவருக்கும் ஒரே முறை வந்த ஒரு மழை நாளில், "தாதா, இந்தச் சில்லை உங்கள் மரத்தில் பதிக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியும், ஆனால் சுலபமில்லை. சிப்பி வளைந்தது, தட்டையான பகுதி கொஞ்சம்தான் கிடைக்கும். அதை எமரி சக்கரத்தில் தேய்த்து நகத்தின் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் ஒளி செத்துவிடும். அந்தத் தூள் நெஞ்சுக்கும் ஆகாது. பிறகு நூல் போன்ற ரம்பத்தால் மீன் வடிவமோ இலை வடிவமோ வெட்ட வேண்டும். அதை மரத்தின் மேல் வைத்து ஊசியால் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்குள் உளியால் குழி எடுப்பேன். இங்கேதான் தீவின் காற்று குறுக்கே வருகிறது. ஆண்டில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், மெயின்லேண்டுக்குப் போனால் காய்ந்து சுருங்கும். சிப்பி உப்பவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. குழியை இறுக்கமாக எடுத்தால் டெல்லியின் வறண்ட காற்றில் மரம் சுருங்கிச் சிப்பியை நெரித்து வெடிக்கச் செய்யும். அதனால் நாருக்குக் குறுக்காக மட்டும் தலைமயிரளவு இடம் விட்டு, அந்த இடைவெளியைப் படாக் தூளும் பசையும் கலந்த குழம்பால் நிரப்புவேன். அந்தச் சிவப்புத் தூள் அங்கே பயன்படுகிறது. காய்ந்தபின் மேலே உப்புத்தாள் போட்டால் மரமும் சிப்பியும் ஒரே மட்டத்துக்கு வரும். விரலால் தடவினால் எது எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. அதுதான் கணக்கு.

அந்தப் பெட்டிகளின் சீட்டில் இரண்டு பெயர் இருக்கும். பஜார் கடையில் இருந்திருந்தால் அவர் சிப்பியும் என் மரமும் சந்தித்தே இருக்காது.

சிப்பி என்று வந்தபோது சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பவளப்பாறைகளும் பல சிப்பி, சங்கு இனங்களும் சேர்க்கப்பட்டன. நாட்டிலஸ், ட்ரிடாக்னா, ட்ரைட்டன் சங்கு ஆகியவை முதல் அட்டவணையில், புலிக்கு உள்ள அதே பாதுகாப்போடு. டர்போவும் ட்ரோகஸும் தனிக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. உரிமம் உள்ளவர்களிடமிருந்து ரசீதோடுதான் வாங்கலாம் என்று அப்போது ஆனது. கைவினைஞர்களின் வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்று அப்போது பேச்சு இருந்தது. நான் அப்படி நினைக்கவில்லை. பாறைகளைச் சுற்றி மூழ்குகிறவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: முன்பு முழங்கால் தண்ணீரில் கிடந்த சிப்பிக்கு இப்போது ஆழத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கடலில் இல்லாததை யார் பதிக்க முடியும்? எங்கள் அலமாரியில் நாட்டிலஸும் பவளமும் கிடையாது என்று முதல் நாளே எழுதி ஒட்டினோம். கரையில் பொறுக்கிய பவளத் துண்டைக் காட்டி இதில் ஏதாவது செய்து தாருங்கள் என்று கேட்கும் சுற்றுலாப் பயணிகளை, தீதி பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கித் திருப்பிக் கொண்டுபோய்ப் போடச் சொல்வார்.

நிக்கோபார் அம்மாவின் பாய் வேறு கதை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனபோது, மனிதர்களோடு தென்னையும் தாழையும் போயின. தாழம்பழம் அவர்களுக்கு உணவு, ஓலை அவர்களுக்குப் பாய். மேட்டுப் பகுதியில் தகரக் கொட்டகைகளில் பல காலம் இருந்தார்கள். ஓலை திரும்ப வரும் வரை பின்னல் இல்லை. பாயைப் பின்னும் விரல்களுக்கு வேலை இல்லாமல் போனால் அடுத்த தலைமுறைக்கு அது போய்ச் சேருமா என்று அந்த அம்மா பயந்ததை நேரில் கேட்டவன் நான். மெல்ல மெல்லத் தாழை எழுந்தது. ஓலையை முள் நீக்கி, வாட்டி, காயவைத்து, ஒரே அகலத்தில் கீறிப் பின்னும் அந்த வேலையில் பொறுமை ஒன்றுதான் கருவி.

நிக்கோபார் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் இறங்க இயலாது. அது சரியான சட்டம், அப்படியே இருக்கட்டும். ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. அந்தப் பாயையும் ஹோடிப் படகின் சிறு மாதிரியையும் வெளியுலகம் பார்க்கக்கூடிய சன்னல், கப்பலில் ஓர் இரவுப் பயணத்தில் இருக்கும் எங்கள் ஊர் அலமாரிகள்தான். அதனால் அந்த அம்மா கார் நிக்கோபாரில் இருக்கும் மாதங்களில் அவர் முறையை நாங்கள் பார்த்துக்கொண்டோம். கணக்கு நோட்டில் அவர் பக்கத்தை எப்போதும் முதலில் முடிப்பது எங்கள் வழக்கம். கப்பல் வருவதற்குள் பணம் தயாராக இருக்க வேண்டும்.

மழைக்காலம் எங்களுக்குச் சோதனைக் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பயணிகள் குறைவு, படகு ஓடாத நாட்கள் அதிகம். வாடகை மட்டும் குறையாது. அப்படியொரு மழைக்காலத்தில்தான் கொல்கத்தாவிலிருந்து மொத்தமாகச் சாமான் வரவழைத்து விற்கலாம் என்ற யோசனை எழுந்தது. இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை, வீட்டில் கஷ்டம். ஊரில் பல கடைகளில் அதுதான் நடக்கிறது. "அந்தமான் நினைவுப் பரிசு" என்று எழுதிய சிப்பித் தோரணங்கள் பலவும் ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் கோத்தவை. எனக்கு அதை ஒரு பார்வையில் சொல்ல முடியும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சிப்பிக் கடை வைத்திருக்கும் உறவினர்கள் எனக்கு உண்டு, அவர்கள் கோக்கும் முடிச்சு எனக்குத் தெரியும். அவர்கள் உழைப்பும் உழைப்புதான். அது அவர்கள் ஊர்ப் பெயரில் விற்கட்டும்.

ராத்திரி வெகுநேரம் பேசினோம். வெளியிலிருந்து ஒரு பொருள் அலமாரிக்கு வந்துவிட்டால் மற்ற எல்லாச் சீட்டும் பொய்யாகிவிடும் என்று நான் சொன்னேன். சீட்டில் பெயர் எழுதுவது அலங்காரத்துக்கு அல்ல, அதுதான் எங்கள் முதல். கடைசியில் வேறு வழி எடுத்தோம். கஷ்டப்படுகிறவருக்குப் பொதுப் பணத்திலிருந்து முன்பணம், சீசனில் திருப்பித் தருவது. அதோடு மழைக்காலத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு வேண்டிய பொருளைச் செய்வது: பூஜைப் பலகை, அரிவாள்மணைக் கட்டை, முறம், தொட்டில். வெற்றிமலை முருகன் கோயிலுக்கு வருகிற நம் ஆட்களே எனக்கு அந்தக் காலத்தில் வாடிக்கை. 2020-ல் ஊரடங்கு வந்து விமானமும் கப்பலும் நின்றபோது எங்களைத் தாங்கியது அந்த உள்ளூர் வியாபாரம்தான். அறையை விடாமல் வைத்திருந்தோம்.

ஆட்டோ கமிஷன் பற்றியும் ஒரு வரி. பயணிகளை அழைத்து வந்தால் கமிஷன் தருவது ஊர் வழக்கம். நாங்கள் தருவதில்லை, அதனால் எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்கள் தாங்களாக வருகிறார்கள், நின்று கேட்கிறார்கள், திரும்பவும் வருகிறார்கள். போதும்.

அண்மையில் படாக் மரக் கைவினைக்கும், நிக்கோபாரி பாய்க்கும், ஹோடிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கும் தஞ்சாவூர்த் தட்டுக்கும் இருக்கிற அதே அங்கீகாரம். அந்தச் செய்தி வந்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் பாயசம். ஆனால் குறியீடு தாளில் இருந்தால் போதாது. போலிச் சாமானைத் தட்டிக்கேட்க ஆள் வேண்டும், கைவினைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஏலத் துண்டுகள் கிடைக்க வேண்டும், இளைஞர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி வேண்டும். படாக்கை வெட்டினால் அடுத்த மரம் முதிர எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும். கைவினைஞர் ஒருவர் தேறவும் காலம் பிடிக்கும். இரண்டையும் அரசு ஒன்றாக நினைத்துத் திட்டமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊரின் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். எந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுத்து வந்தாலும், இங்கே ஒரு பொருளை வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவர் யார், எந்தத் தீவில் செய்தது, ரசீது தருவீர்களா. சிப்பிப் பொருளுக்கு ரசீது இல்லாவிட்டால் விமான நிலையச் சோதனையில் உங்களுக்குத்தான் சிக்கல். பெரிய மரச் சாமானை வெளியே கொண்டுபோக வனத்துறை அனுமதியும் வேண்டும். மூன்றுக்கும் பதில் வராத கடையில் வாங்காதீர்கள். பதில் வருகிற கடையில் பேரம் பேசாமல் வாங்குங்கள்.